கீமோ சிகிச்சையில் இரத்த உப்புகள் நிலைமாறினால்: குடும்பத்தார் அறிய வேண்டியவை



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் ஒரு வாலிபருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. கீமோ தொடங்கிய மறுநாள் நோய் விசாரிக்கப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று இரண்டு இளநீரும் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டேன். கட்டிலருகே வைத்ததும் செவிலியர் வந்து, "பாய், இது ரெண்டையும் வெளியே கொண்டு போயிடுங்க. இப்போ இவருக்கு இளநீர் ஆகவே ஆகாது" என்றார். வாலிபரின் அத்தா என்னைப் பார்த்து, "இளநீர் குளிர்ச்சிதானே ஹஜ்ரத்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதிலைப் பணியிலிருந்த மருத்துவர் சொன்னார். மருந்து நன்றாக வேலை செய்கிறது, நோய் அணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன, அவற்றின் உள்ளே இருந்த பொட்டாசியம் முழுவதும் இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது, அதோடு இளநீரின் பொட்டாசியமும் சேர்ந்தால் இதயம் தாங்காது என்றார். அல்ஹம்துலில்லாஹ், அந்த வாலிபர் குணமாகி இன்று தொழில் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் அன்று நான் கொண்டுபோனது அவருக்கு உயிராபத்தாக முடிந்திருக்கலாம். அதன் பிறகு நோய் விசாரிக்கப் போகும் இடங்களில் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்குப் பதிலாகாது. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே.

மருந்தோடு பராமரிப்பும் சேர்ந்தால்தான்

புற்றுநோய் சிகிச்சை என்றதும் முடி கொட்டுவது, வாந்தி, காய்ச்சல் இவைதான் நம் நினைவுக்கு வரும். இவை கண்ணுக்குத் தெரிபவை. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம், சர்க்கரை ஆகியவை இரத்தத்தில் கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியாது. நோயாளி சோர்ந்து கிடப்பார். நாமும் "கீமோ போட்டால் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவோம். சில நேரங்களில் அந்தச் சோர்வுதான் எச்சரிக்கை.

இதை விளக்க நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1970களில் இந்தியாவில் இளவயதினருக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோயில் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. பெரிய மருத்துவமனைகளிலும் அதே நிலைதான். 1984 முதல் சென்னை அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு மையத்தில் இந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சாந்தா. நோய் திரும்பாமல் 4 ஆண்டுகளைக் கடந்தவர்களின் அளவு 20 சதவீதத்துக்கும் கீழே இருந்ததிலிருந்து 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தது. இந்த முன்னேற்றத்துக்கு அந்த மருத்துவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: ஒன்று, ஒழுங்குபடுத்தப்பட்ட மருந்து முறை. மற்றொன்று, மருந்தோடு சேர்ந்த பராமரிப்பு மேம்பட்டது. இரத்தத்தை அடிக்கடி பரிசோதிப்பதும், உப்புகளைச் சரிசெய்வதும், தொற்றைத் தடுப்பதும் இந்தப் பராமரிப்பில் அடங்கும். நோயாளி வீட்டுக்கு வந்த பிறகு அதில் பாதிப் பொறுப்பு நம் கையில் இருக்கிறது.

முதல் மூன்று நாள்: கட்டி சிதையும்போது

செவிலியர் என்னைத் தடுத்தது இந்த ஆபத்துக்காகத்தான். மருத்துவர்கள் இதை டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். நோய் அணுக்கள் ஒரே நேரத்தில் உடைந்து சிதைவதால் வருவது. வேகமாகப் பெருகும் இரத்தப் புற்றுநோய்களிலும், பர்கிட் போன்ற நிணநீர்ப் புற்றுநோய்களிலும் இது அதிகம். வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும், ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய 12 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும்.

அணு உடையும்போது பொட்டாசியமும் பாஸ்பேட்டும் வெளியே வருகின்றன. அதன் மரபணுப் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. யூரிக் அமிலம் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிந்து சிறுநீரைத் தடுக்கிறது. பாஸ்பேட் ஏறும்போது கால்சியம் இறங்குகிறது. பொட்டாசியம் 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

அடையாளங்கள்: சிறுநீர் குறைவது, குமட்டல், மிகுந்த சோர்வு, கை கால் பிடித்து இழுப்பது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போவது, நெஞ்சு படபடப்பு, வலிப்பு. சில வேளை எந்த அடையாளமும் இல்லாமல் இரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும். அதனால்தான் அந்த நாட்களில் ஆறு மணி, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். "இத்தனை முறை ரத்தம் எடுத்தா பிள்ளை தாங்குமா?" என்று சண்டை போடாதீர்கள். அவரைக் காப்பாற்றத்தான் எடுக்கிறார்கள்.

தடுப்பதற்கு மருத்துவமனை செய்வது மூன்று. முதலாவது, நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றுவது. இரண்டாவது, கீமோவுக்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அலோபியூரினால் மாத்திரை. மூன்றாவது, ஆபத்து மிகுந்தவர்களுக்கு ராஸ்பியூரிகேஸ் ஊசி. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஊசி இரத்தத்தைச் சிதைக்கும் என்பதால் கொடுக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது மலேரியா மாத்திரை சாப்பிட்டு திடீரென மஞ்சள் காமாலை வந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இத்தனைக்கும் கட்டுப்படாவிட்டால் டயாலிசிஸ். அது பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான், சிறுநீரகம் தேறிக்கொள்ளும். டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் "எல்லாம் முடிந்தது" என்று கலங்க வேண்டாம்.

அலோபியூரினால் பற்றி ஒரு முக்கியமான செய்தி. ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்ற இருவரும் 6 மெர்காப்டோபியூரின் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்தை உருவாக்கினார்கள். அந்த மருந்து உடலில் சீக்கிரம் சிதையாமல் இருக்க அவர்கள் தேடியதே அலோபியூரினால். 1988இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதில் நமக்குள்ள பாடம்: இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் மெர்காப்டோபியூரினின் வீரியம் பல மடங்கு கூடிவிடும். இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கும். எனவே பின்னாளில் மெர்காப்டோபியூரின் மாத்திரை தொடங்கும்போது, "அலோபியூரினால் நிறுத்தியாகிவிட்டதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இளநீர், பேரீச்சம்பழம், உப்புத் தண்ணீர்

ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 500 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. பேரீச்சம்பழம், உலர் திராட்சை, அத்தி, வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு இவற்றிலும் அதிகம். கடையில் விற்கும் ஓஆர்எஸ் பொடியிலும் பொட்டாசியம் உண்டு. "சோடியம் குறைந்த உப்பு" என்று பாக்கெட்டில் வருவதில் சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்.

இவை நல்ல உணவுகள்தாம். வாந்தி, வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்தவருக்கு மருத்துவரே இளநீர் கொடுக்கச் சொல்வார். அதே இளநீர் கட்டி சிதையும் நாட்களில் ஆபத்து. ஆகவே நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாசலிலேயே செவிலியரிடம் கேளுங்கள்: "இன்னிக்குப் பொட்டாசியம் எவ்வளவு? இதைக் கொடுக்கலாமா?" ஸம்ஸம் தண்ணீரில் ஒரு மிடறு கொடுக்க விரும்புகிறவர்களும், அன்றைக்கு அவருக்கு எவ்வளவு திரவம் அனுமதி என்று கேட்டு அந்தக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கட்டும்.

காலையில் சரியாக இருந்து மாலையில் ஏறும் சர்க்கரை

பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் பல கீமோ முறைகளில் உண்டு. இவை சர்க்கரையை ஏற்றும். காலையில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் எடுத்த காலைப் பரிசோதனை சரியாக இருக்கும். அதை நம்பி இருந்துவிடுவோம். ஆகவே ஸ்டீராய்டு நாட்களில் மதிய உணவுக்குப் பின்னும் மாலையிலும் பார்க்க வேண்டும். இதற்கு முன் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் வரும். அஸ்பாராஜினேஸ் ஊசியும் சேரும்போது இன்னும் அதிகமாகலாம்.

கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், வாய் உலர்தல், வயிற்று வலியோடு வாந்தி, மூச்சு வேகமாக வாங்குவது இருந்தால் தாமதிக்கக் கூடாது. சில நாட்களுக்கு இன்சுலின் போடச் சொன்னால் தயங்காதீர்கள். ஸ்டீராய்டு முடிந்ததும் பலருக்குத் தேவைப்படாது. தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் சர்க்கரை 300இல் நிற்பவருக்குத் தேன் கொடுப்பது பொருத்தமல்ல.

இன்னொன்று: பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டை "உடம்பு ஊதுகிறது" என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். உடல் தன் சொந்தச் சுரப்பை அதற்குள் நிறுத்தியிருக்கும். இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

இம்யூனோதெரபி என்ற புதிய வகை ஊசி போடுகிறவர்களில் சிலருக்குத் தைராய்டு, அட்ரினல் சுரப்பிகள் பாதிக்கப்படலாம்; திடீரென சர்க்கரை நோயும் வரலாம். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் வரக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த ஊசி போட்டதைச் சொல்ல வேண்டும்.

சோடியம் இறங்கினால் புத்தி தடுமாறும்

நம் வாசல்களிலும் கபரஸ்தான் ஓரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து வந்தது. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் செடியின் சத்துகள் நச்சுத்தன்மை உள்ளவை. மருந்தாகும்போது மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றப்படுகின்றன.

வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, சிஸ்பிளாட்டின் ஆகியவை சோடியத்தை இறக்கக்கூடியவை. சில வகை நுரையீரல் புற்றுநோயிலும் சோடியம் இறங்கும். உடல் தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் இரத்தத்தின் உப்பு நீர்த்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, தொழுகையில் எத்தனை ரக்அத் என்று தெரியாமல் திண்டாடுவது, முற்றினால் வலிப்பு. பெரியவர்களுக்கு வந்தால் "வயசாச்சு, மறதி" என்றும், சில வீடுகளில் "ஏதோ காத்துக் கருப்பு" என்றும் சொல்லி நாளைக் கடத்துகிறார்கள். ஓதிப் பார்க்க விரும்பினால் ஓதுங்கள். அதற்கு முன் சோடியம் பார்க்க இரத்தம் கொடுத்துவிடுங்கள்.

இந்த நிலையில் அதிகம் தண்ணீர் குடிக்க வைத்தால் சோடியம் இன்னும் இறங்கும். உப்பை அள்ளிக் கொடுப்பதும் தவறு. மருத்துவமனையில்கூட மெதுவாகத்தான் உயர்த்துவார்கள். வேகமாக உயர்த்தினால் மூளை நரம்புகள் பாதிக்கும்.

வாய்ப் புற்றுநோயும் மக்னீசியமும்

புகையிலை, பான்மசாலாப் பழக்கத்தால் வரும் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் கொடுப்பது வழக்கம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகக் குழாய்களைத் தாக்குவதால் மக்னீசியம் சிறுநீரோடு போய்விடும். மக்னீசியம் குறைந்தால் பொட்டாசியமும் கால்சியமும் பின்னாலேயே இறங்கும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் மட்டும் கொடுத்தால் ஏறாது. தசைப்பிடிப்பு, கை நடுக்கம், படபடப்பு இதன் அடையாளங்கள். இந்த மருந்து போடுகிறவர்கள், மெடிக்கல் ஷாப்பில் தாங்களாக டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஏற்கனவே அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி.

இந்த நோயாளிகளுக்கு வாய்ப்புண்ணால் பல நாள் உணவு இறங்காது. பிறகு மூக்கு வழியாகக் குழாய் வைத்ததும், இத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து வீட்டார் பாயாவும் முட்டையும் கஞ்சியுமாக ஊற்றிவிடுகிறார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென அதிக உணவு போனால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சட்டென்று இறங்கி இதயமும் மூச்சும் பாதிக்கலாம். ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாதவருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். தையமின் என்ற பி1 வைட்டமின் முதலில் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்சியம் ஏறினால்

மார்பகம், நுரையீரல், எலும்பு மஜ்ஜையின் மைலோமா ஆகிய புற்றுநோய்களில் இரத்தத்தில் கால்சியம் ஏறுவதுண்டு. இது சிகிச்சையால் அல்ல, நோயால் வருவது. சிகிச்சைக் காலத்திலும் தலைகாட்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், பசியின்மை, குழப்பம் அடையாளங்கள். நரம்பு வழித் திரவமும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசியும் இதற்கு மருந்து. அந்த ஊசிக்குப் பின் கால்சியம் குறைந்தும் போகலாம். எனவே கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று கேட்டே செய்யுங்கள்.

ரமளானில் நோயாளி

நோயாளி வேறு நாட்களில் நோன்பைக் கணக்கிட்டு நோற்கலாம் என்ற சலுகையை அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தில் தந்திருக்கிறான். ஆனாலும் கீமோ நாளில்கூட வீட்டாருக்குத் தெரியாமல் நோன்பு வைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிஸ்பிளாட்டின் போட்ட சிறுநீரகம் பழுதாகும். சர்க்கரை ஏறியும் இறங்கியும் ஆடும். வேளை மாத்திரைகள் தவறும். தீங்கு வரும் என்று நம்பகமான மருத்துவர் சொன்ன பிறகு நோன்பை விடுவது ஈமான் குறைவு அல்ல. குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களா செய்யட்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கட்டும். அளவை உங்கள் ஊர் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆனவர்கள் நோற்கலாமா என்பதைச் சிறுநீரகப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்வார்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

• 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது, அல்லது மிகக் குறைவது
• தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, நிற்காத வயிற்றுப்போக்கு
• பேச்சுக் குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு
• நெஞ்சு படபடப்பு, மயக்கம், மூச்சு வேகமாக வாங்குவது
• கை கால் இழுத்துப் பிடிப்பது, உதடு மரத்துப்போவது
• சர்க்கரை 300க்கு மேல் நிற்பது, அல்லது 70க்குக் கீழே இறங்குவது
• 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல். இது உப்பு மாற்றம் அல்ல, தொற்றின் அடையாளம்; கீமோ நோயாளிக்கு அதுவும் அவசரமே

எங்கள் பகுதியில் பலர் புதுச்சேரி ஜிப்மரிலோ சென்னையிலோ சிகிச்சை பெறுகிறார்கள். இரவில் உடம்பு மோசமானால் "விடிந்ததும் ஜிப்மருக்கே போய்விடலாம்" என்று காத்திருக்கிறார்கள். பொட்டாசியம் ஏறிய இதயம் விடியும்வரை காத்திருக்காது. 108ஐ அழைத்து, இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் போங்கள். சேத்தியாத்தோப்பில் இருப்பவர்களுக்குக் கிழக்கே சிதம்பரம், ராஜா முத்தையா என்று நாம் அறிந்திருந்த, இன்றைய அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கே விருத்தாசலம் அரசு மருத்துவமனை. அங்கே நிலைப்படுத்திவிட்டு, சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் நோயின் பெயர், கீமோ மருந்துகளின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, மருத்துவமனை எண். அடுத்த பக்கங்களில் தினமும் எடை, குடித்த தண்ணீர், சிறுநீர் எத்தனை முறை, வாந்தி, சர்க்கரை. இரத்தப் பரிசோதனை எடுத்த நாளில் அந்த எண்களையும் எழுதுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாகப் பொட்டாசியம் 3.5 முதல் 5, சோடியம் 135 முதல் 145, கால்சியம் 8.5 முதல் 10.5, பாஸ்பேட் 2.5 முதல் 4.5 வரை இருக்கலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். சீட்டிலேயே அளவு அச்சிட்டிருக்கும். நள்ளிரவில் புதிய மருத்துவர் முன் நிற்கும்போது, அழுதுகொண்டே கதை சொல்வதைவிட இந்த நோட்டை நீட்டுவது நோயாளிக்கு அதிகம் உதவும்.

அந்த நோட்டை எழுதும் வேலையைப் படிக்கும் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஜமாஅத்தில் நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இளநீருக்கும் பழத்துக்கும் செலவழிக்கும் பணத்தை நோயாளியின் இரத்தப் பரிசோதனைச் செலவுக்கென்று அவர் வீட்டார் கையில் கொடுத்துவிட்டு, துஆ செய்துவிட்டு வாருங்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வழங்குவானாக. ஆமீன்.